வளையி அடைக்கும் பரப்பளவு: முதலில் படம், பிறகு கீலம், கடைசியில்தான் தொகையீடு

வெள்ளவத்தையில் மாலை வகுப்பு முடிகிற நேரம். கடற்கரைப் பக்கம் ரயில் ஒன்று போன சத்தம் அப்போதுதான் அடங்கியிருந்தது. மற்றப் பிள்ளைகள் கொப்பியை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருக்க, ஒரு தம்பி மட்டும் எழும்பவில்லை.

"சேர், மூன்று தரம் செய்து பாத்திட்டன். பூச்சியம்தான் வருது."

கொப்பியை வாங்கிப் பார்த்தேன். வை = எக்ஸ்² − 4எக்ஸ் + 3 என்ற வளையிக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையே, எக்ஸ் = 0 தொடக்கம் எக்ஸ் = 3 வரை உள்ள பரப்பளவைக் காண வேண்டும். தொகையிட்டது சரி. எல்லைகளைப் பிரதியிட்டதும் சரி. 9 − 18 + 9, பூச்சியம்தான். நம்ப முடியாமல் அழித்து அழித்து எழுதியதில் அந்த இடத்தில் தாளே மெலிந்து போயிருந்தது.

"படம் எங்க தம்பி?"

"படம் கீறேல்ல சேர். கேள்வியில கேக்கேல்லத்தானே."

அவருடைய கணக்கில் ஒரு பிழையும் இல்லை. ஆனாலும் அந்தப் பூச்சியம் பரப்பளவு இல்லை. ஏன் என்று அன்று அந்த மேசையிலேயே படம் கீறிக் காட்டினேன். உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் எடுத்து, தொகையிடலை இப்போதுதான் தொட்டிருக்கும் எல்லாப் பிள்ளைகளுக்குமாக அதையே விரித்து இங்கே எழுதுகிறேன். வகையிடலும், எக்ஸின் அடுக்குகளைத் தொகையிடும் சூத்திரமும் தெரிந்திருந்தால் போதும். பக்கத்தில் ஒரு கொப்பியும் பென்சிலும் வைத்துக்கொண்டு வாசியுங்கள்.

தொடங்க முன்னர் சொற்களைப் பற்றி ஒரு வார்த்தை. தமிழ்நாட்டுக் காணொளிகளைப் பார்த்துப் படிக்கிற பிள்ளைகள் இங்கே நிறையப் பேர். நாம் வளையி என்பதை அவர்கள் வளைவரை என்பார்கள். நாம் பரவளைவு என்பது அவர்களுக்குப் பரவளையம். பொருள் ஒன்றுதான். பரீட்சைத் தாளில் நம்முடைய சொல்லையே எழுதிப் பழகுங்கள்.

கீலம் கீலமாக வெட்டுவது

செவ்வகத்தின் பரப்பளவு நமக்குத் தெரியும்: நீளத்தை அகலத்தால் பெருக்கினால் சரி. முக்கோணிக்கும் சரிவகத்துக்கும் சூத்திரம் உண்டு. விளிம்பு வளைந்துவிட்டால்தான் கை நின்றுவிடுகிறது. சின்ன வகுப்பில் வரைபுத் தாளில் சதுரங்களை எண்ணியிருப்பீர்கள். முழுச் சதுரங்களை எண்ணி, பாதிக்கு மேல் உள்ளவற்றைச் சேர்த்து, பாதிக்குக் குறைந்தவற்றை விட்டுவிடுவோம். தொகையிடலும் அடிப்படையில் அந்த வேலைதான். சதுரத்துக்குப் பதிலாக ஒடுங்கிய கீலங்களை எடுத்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்.

காலிமுகத்திடலில் மாங்காய் விற்கிறவரைக் கவனித்திருப்பீர்கள். மாங்காய் எவ்வளவு வளைந்திருந்தாலும், கீலம் கீலமாக வெட்டி மிளகாய்த்தூள் தூவிக் கையில் தரும்போது ஒவ்வொரு கீலமும் ஏறக்குறைய நேராகத்தான் இருக்கும். கீலம் மெலிய மெலிய அதிலுள்ள வளைவு கண்ணுக்குத் தெரியாமல் போய்விடும்.

இதை எண்களில் பார்ப்போம். வை = 4எக்ஸ் − எக்ஸ்² என்ற பரவளைவை எடுங்கள். எக்ஸ் = 0 இல் தரையைவிட்டு எழும்பி, எக்ஸ் = 2 இல் 4 உயரத்தைத் தொட்டு, எக்ஸ் = 4 இல் மறுபடி தரைக்கு வருகிறது. ஒரு வளைவுக் கூரை மாதிரி. இதன் கீழுள்ள இடத்தை 1 அலகு அகலத்தில் நான்கு கீலமாக வெட்டுங்கள். ஒவ்வொரு கீலத்தின் நடுவிலும் உயரத்தை எடுத்தால் 1.75, 3.75, 3.75, 1.75. கூட்டினால் 11. அகலத்தை அரை அலகாக்கி எட்டுக் கீலமாக வெட்டினால் 10.75. இன்னும் ஒடுக்கினால் 10.67 ஐ நோக்கிப் போகும். இந்த இரண்டு கூட்டலையும் ஒரு தடவையாவது நீங்களே கையால் செய்யுங்கள். பத்து நிமிடம் போதும். அதைச் செய்த பிள்ளைக்குத் தொகையீட்டுக் குறி பிறகு ஒருநாளும் அந்நியமாகத் தெரியாது.

அந்தக் குறி எங்கிருந்து வந்தது என்றும் தெரிந்துகொள்ளுங்கள். லைப்னிட்ஸ் 1675 ஒக்டோபர் 29 அன்று தன் கையெழுத்துக் குறிப்பில், கூட்டுத்தொகையைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் முதலெழுத்தான எஸ்ஸை நீட்டி எழுதினார். அதுதான் ∫. ஆகவே ∫ வை டிஎக்ஸ் என்று பார்க்கும்போது மனதில் இப்படி வாசியுங்கள்: "உயரம் வை, அகலம் டிஎக்ஸ் உள்ள கீலங்களை எல்லாம் கூட்டு." டிஎக்ஸ் என்பது வசனத்தின் முடிவில் வைக்கும் முற்றுப்புள்ளி மாதிரி ஒன்று என்று நினைத்து விட்டுவிடுகிற பிள்ளைகள் உண்டு. அது கீலத்தின் அகலம். அது இல்லாவிட்டால் உங்களிடம் வெறும் உயரங்கள்தான் இருக்கும், பரப்பளவு இருக்காது.

கூட்டல் எப்படி வகையிடலின் மறுதலை ஆனது?

இதை வகுப்பில் பலர் கேட்பதில்லை. கேட்க வேண்டிய கேள்வி இதுதான். கீலங்களைக் கூட்டுகிற வேலைக்கும், வகையிடலைத் திருப்பிச் செய்கிற வேலைக்கும் என்ன தொடர்பு?

யன்னலுக்கு இடமிருந்து வலமாகத் திரைச்சீலை இழுப்பதாக நினையுங்கள். யன்னலின் மேல்விளிம்பு வளைந்தது. அதுதான் நம் வளையி. எக்ஸ் வரை இழுத்தபோது திரை மூடிய பரப்பளவை "மூடிய பரப்பு" என்போம். இன்னும் ஒரு மயிரிழை வலப்பக்கம் இழுக்கிறீர்கள். புதிதாக மூடப்பட்டது ஒரே ஒரு கீலம். அதன் உயரம் அந்த இடத்தில் வளையியின் உயரம், அகலம் நீங்கள் இழுத்த மயிரிழை. அப்படியென்றால் மூடிய பரப்பு கூடுகிற வேகம் அந்த இடத்து உயரத்துக்குச் சமம். வேறு விதமாகச் சொன்னால், மூடிய பரப்பை எக்ஸ் குறித்து வகையிட்டால் வை கிடைக்கும். ஆகவே வை தெரிந்து மூடிய பரப்பைக் காண வேண்டுமானால் வகையிடலைத் திருப்ப வேண்டும்.

4எக்ஸ் − எக்ஸ்² ஐத் தொகையிட்டால் 2எக்ஸ்² − எக்ஸ்³/3. எக்ஸ் = 4 வரை மூடியதிலிருந்து எக்ஸ் = 0 வரை மூடியதைக் கழித்தால் 32 − 64/3 = 32/3. தசமத்தில் 10.67. கீலம் வெட்டிக் கூட்டும்போது நாம் நோக்கிப் போன அதே எண். கழிக்கும்போது தொகையீட்டு மாறிலி தானாக வெட்டுப்பட்டுப் போகும், அதனால்தான் எல்லை போட்ட தொகையீட்டில் அதை எழுதுவதில்லை.

இதே விடையை ஆர்க்கிமிடீஸ் கிறிஸ்துவுக்கு முன் 3 ஆம் நூற்றாண்டிலேயே வேறு வழியில் நிறுவியிருந்தார். பரவளைவுத் துண்டின் பரப்பளவு, அதற்குள் உச்சியைத் தொட்டு நிற்கும் முக்கோணியின் பரப்பளவைப்போல 4/3 மடங்கு என்பது அவர் முடிவு. நம் கூரைக்குள் அடி 4, உயரம் 4 உள்ள முக்கோணி நிற்கும், பரப்பளவு 8. அதன் 4/3 மடங்கு 32/3. எனக்கு இது இன்றைக்கும் சந்தோஷம் தருகிற சரிபார்ப்பு.

செய்யும் ஒழுங்கு

இனி எந்தப் பரப்பளவுக் கணக்கு வந்தாலும் இந்த ஒழுங்கில் போங்கள்.

1. பரும்படியாகப் படம் கீறுங்கள். அச்சுகளை எங்கே வெட்டுகிறது, எந்தப் பக்கம் வளைகிறது என்று தெரிந்தால் போதும். அழகு தேவையில்லை.

2. கேட்கப்பட்ட பிரதேசத்தைப் பென்சிலால் நிழற்றுங்கள். நிழற்ற முடியவில்லை என்றால் கேள்வி இன்னும் விளங்கவில்லை என்று பொருள். திரும்ப வாசியுங்கள்.

3. வெட்டும் புள்ளிகளைச் சமன்பாடு தீர்த்துக் காணுங்கள். எல்லைகள் இங்கிருந்துதான் வரும்.

4. நிழற்றிய பிரதேசத்துக்குள் ஒரே ஒரு கீலம் கீறுங்கள். அதன் மேல்முனை எந்தக் கோட்டில் முட்டுகிறது, கீழ்முனை எதில் முட்டுகிறது என்று பக்கத்தில் எழுதுங்கள்.

5. மேல் கழித்தல் கீழ், அதை டிஎக்ஸால் பெருக்கி, தொகையீடு எழுதுங்கள்.

6. தொகையிட்டு விடை கண்டபின் படத்தைத் திரும்பிப் பாருங்கள். பிரதேசத்தைச் சுற்றி ஒரு செவ்வகம் போட்டால் விடை அதைவிடக் குறைவாக இருக்கிறதா? "சதுர அலகுகள்" என்று எழுதினீர்களா?

நான்காவதுதான் உயிர். கீலத்தின் இரண்டு முனைகளும் எங்கே முட்டுகின்றன என்று சொல்லத் தெரிந்த பிள்ளைக்குச் சூத்திரம் மனப்பாடம் செய்ய வேண்டிய தேவையே வராது. தொகையீடு தானாக எழுதப்படும்.

அந்தப் பூச்சியம்

இப்போது தம்பியின் கணக்குக்கு வருவோம். எக்ஸ்² − 4எக்ஸ் + 3 ஐக் காரணிப்படுத்தினால் (எக்ஸ் − 1)(எக்ஸ் − 3). வளையி எக்ஸ் = 0 இல் 3 உயரத்தில் தொடங்கி, எக்ஸ் = 1 இல் அச்சை வெட்டிக் கீழே இறங்கி, எக்ஸ் = 2 இல் −1 ஐத் தொட்டு, எக்ஸ் = 3 இல் மறுபடி அச்சுக்கு வருகிறது. அச்சுக்கு மேலே ஒரு துண்டு, கீழே ஒரு துண்டு.

கீழே உள்ள துண்டில் வை மறைப் பெறுமானம். மறையான உயரத்தை நேரான அகலத்தால் பெருக்கினால் ஒவ்வொரு கீலமும் மறையாகவே கூட்டலுக்குள் வரும். 0 தொடக்கம் 1 வரை தொகையிட்டால் 1/3 − 2 + 3 = 4/3. 1 தொடக்கம் 3 வரை தொகையிட்டால் −4/3. ஒன்றையொன்று தின்றுவிட்டன. அதுதான் பூச்சியம்.

பரப்பளவு என்றால் இரண்டையும் நேராக எடுத்துக் கூட்ட வேண்டும்: 4/3 + 4/3 = 8/3 சதுர அலகுகள். கீழே உள்ள துண்டுக்குக் கீலம் கீறிப் பாருங்கள். மேல்முனை எக்ஸ் அச்சில், அதாவது வை = 0 இல் முட்டுகிறது. கீழ்முனை வளையியில் முட்டுகிறது. மேல் கழித்தல் கீழ் என்றால் 0 − (எக்ஸ்² − 4எக்ஸ் + 3). மறைக்குறி தானாக மாறிவிட்டது.

விடை மறையாக வந்தவுடன் கடைசி வரியில் மறைக்குறியை வெறுமனே அழித்துவிட்டு விடை எழுதும் பழக்கம் சிலரிடம் உண்டு. முழுத் துண்டும் அச்சுக்குக் கீழே இருந்தால் அதிர்ஷ்டவசமாகச் சரி வரும். பாதி மேலே பாதி கீழே இருந்தால் பிழைத்துவிடும். இந்தக் கணக்கிலோ அழிப்பதற்கு ஒரு குறியே இல்லை. ஏன் குறி மாறுகிறது என்று ஒரு வரி எழுதிவிட்டு மாற்றுங்கள்.

தம்பி படத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, "அப்ப சேர், பூச்சியம் எண்டால் ரெண்டு துண்டும் சமன் எண்டுதானே சொல்லுது?" என்றார். அதுதான். அவர் பிழை என்று மூன்று தரம் அழித்த எண் ஒரு நல்ல செய்தியைத்தான் சொல்லிக்கொண்டிருந்தது.

இரண்டு வளையிகளுக்கு இடையில்

வை = எக்ஸ்² என்ற பரவளைவும் வை = எக்ஸ் + 2 என்ற நேர்கோடும் உள்ளடைக்கும் பிரதேசத்தை எடுப்போம். இரண்டையும் சமப்படுத்தினால் எக்ஸ்² − எக்ஸ் − 2 = 0, எக்ஸ் = −1 அல்லது 2. இடையில் ஓர் இடத்தைச் சோதித்துப் பாருங்கள். எக்ஸ் = 0 இல் கோடு 2 இல் இருக்கிறது, பரவளைவு 0 இல் இருக்கிறது. ஆகவே கோடு மேலே.

கீலத்தின் உயரம் எக்ஸ் + 2 − எக்ஸ்². தொகையிட்டால் எக்ஸ்²/2 + 2எக்ஸ் − எக்ஸ்³/3. எக்ஸ் = 2 இல் 10/3. எக்ஸ் = −1 இல் −7/6. கழித்தால் 27/6, அதாவது 4.5 சதுர அலகுகள்.

இந்த இடத்தில் கீழ் எல்லை மறை எண்ணாக இருக்கிறது என்பதைக் கவனியுங்கள். −1 ஐப் பிரதியிடும்போது அடைப்புக்குறி போடாமல் எழுதிப் புள்ளியை விடுகிறவர்கள் ஏராளம். (−1)³ ஐ அடைப்புக்குறியோடு எழுதுங்கள், பிறகு சுருக்குங்கள். பரீட்சை மண்டபத்தில் கல்குலேட்டர் கிடையாது, கைதான்.

இரண்டு வளையிகளும் சேர்ந்து எக்ஸ் அச்சுக்குக் கீழே இறங்கினால் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஒன்றும் செய்ய வேண்டாம். மேல் கழித்தல் கீழ் என்பது கீலத்தின் நீளம். கீலத்தை அப்படியே பத்து அலகு கீழே இறக்கினாலும் அதன் நீளம் மாறாது. துண்டாக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: மேலே இருந்த வளையி கீழே போய், கீழே இருந்தது மேலே வரும் இடம்.

சரிபார்க்க ஒரு குறுக்குவழி தருகிறேன். எக்ஸ்² இன் குணகம் 1 அல்லது −1 ஆக உள்ள பரவளைவும் ஒரு நேர்கோடும் இரண்டு இடத்தில் வெட்டினால், இடைப்பட்ட பரப்பளவு வெட்டும் புள்ளிகளின் எக்ஸ் ஆள்கூறுகளின் வித்தியாசத்தின் கனத்தை 6 ஆல் வகுத்தது. இங்கே வித்தியாசம் 3, 27/6. கூரைக் கணக்கில் வித்தியாசம் 4; 64/6 = 32/3. தம்பியின் கணக்கில் அச்சுக்குக் கீழுள்ள துண்டுக்கு வித்தியாசம் 2; 8/6 = 4/3. மூன்றும் பொருந்துகின்றன. இதை விடையாக எழுதாதீர்கள். முதலாம் தாளின் ஏ பகுதியில் 25 புள்ளிக் கேள்வியாக வந்தாலும் சரி, பி பகுதியில் 150 புள்ளிக் கேள்வியின் கடைசித் துண்டாக வந்தாலும் சரி, படிமுறைக்குத்தான் புள்ளி. ஓரத்தில் போட்டுப் பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளலாம்.

கீலத்தைப் படுக்க வைத்தால்

சில பிரதேசங்களில் நிமிர்ந்த கீலம் வேலையைக் கூட்டும். வை² = எக்ஸ் என்ற பரவளைவையும் வை = எக்ஸ் − 2 என்ற கோட்டையும் கீறிப் பாருங்கள். பரவளைவு வலப்பக்கம் வாய் திறந்து கிடக்கிறது. (1, −1), (4, 2) ஆகிய இடங்களில் இரண்டும் வெட்டுகின்றன.

நிமிர்ந்த கீலம் போட்டால், எக்ஸ் 0 தொடக்கம் 1 வரை கீலத்தின் இரண்டு முனையும் பரவளைவிலேயே முட்டும். 1 தொடக்கம் 4 வரை மேல்முனை பரவளைவில், கீழ்முனை கோட்டில். ஆகவே இரண்டு தொகையீடு, நடுவே வர்க்கமூலங்கள். முதல் துண்டு 4/3, இரண்டாவது 19/6, மொத்தம் 27/6.

கீலத்தைப் படுக்க வையுங்கள். இப்போது அகலம் டிவை. நீளம் வலது கழித்தல் இடது. வலது முனை எப்போதும் கோட்டில், எக்ஸ் = வை + 2. இடது முனை எப்போதும் பரவளைவில், எக்ஸ் = வை². ஆகவே −1 இலிருந்து 2 வரை ∫ (வை + 2 − வை²) டிவை. இது முந்தின கணக்கேதான், எழுத்து மட்டும் மாறியிருக்கிறது. விடை 4.5. படத்தைப் பார்த்தால் காரணம் தெரியும்: வை = எக்ஸ் என்ற கோட்டில் கண்ணாடி வைத்தால் முந்தின பிரதேசம்தான் இங்கே தெரிகிறது.

எந்தப் பக்கம் வெட்டுவது என்று முடிவெடுக்க ஒரு கேள்வி போதும். கீலத்தை ஓர் ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகர்த்தும்போது அதன் முனைகள் கோடு மாறுகின்றனவா? மாறாத பக்கம் வெட்டுங்கள்.

தன்னைத்தானே மூடிக்கொள்ளும் வளையி

இதுவரை அச்சோ இன்னொரு கோடோ சேர்ந்துதான் பிரதேசத்தை அடைத்தது. ஒரே வளையி சுற்றி வந்து தடமாக மூடிக்கொள்வதும் உண்டு. வை² = எக்ஸ்²(4 − எக்ஸ்) ஐப் பாருங்கள்.

எக்ஸ் 4 ஐத் தாண்டினால் சமன்பாட்டின் வலப்பக்கம் மறையாகும், வர்க்கம் மறையாக முடியாது, ஆகவே அங்கே வளையி இல்லை. எக்ஸ் = 0, எக்ஸ் = 4 இரண்டிலும் வை = 0. இடையில் ஒவ்வொரு எக்ஸுக்கும் இரண்டு வை, ஒன்று நேர், மற்றது மறை. எக்ஸ் = 1 இல் ஏறக்குறைய 1.73, எக்ஸ் = 2 இல் 2.83, எக்ஸ் = 3 இல் 3. மேலும் கீழும் ஒரே மாதிரி; ஒரு மீன் உடம்பு மாதிரித் தடம் கிடைக்கும். எக்ஸ் மறையாகும் பக்கம் இரண்டு கைகள் விரிந்து போகின்றன, அவை ஒன்றையும் அடைக்கவில்லை. ஆகவே நமக்கு வேண்டியது 0 தொடக்கம் 4 வரை.

மேல் பாதியின் பரப்பளவைக் கண்டு இரண்டால் பெருக்குவோம்:

பரப்பளவு = 2 × (0 இலிருந்து 4 வரை ∫ எக்ஸ் √(4 − எக்ஸ்) டிஎக்ஸ்)

யூ = 4 − எக்ஸ் என்று பிரதியிடுங்கள். டிஎக்ஸ் = −டியூ. இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும்: எல்லைகளும் மாறும். எக்ஸ் = 0 ஆகும்போது யூ = 4. எக்ஸ் = 4 ஆகும்போது யூ = 0. மறைக்குறியைக் கொண்டு எல்லைகளைத் திருப்பிப் போட்டால் 0 இலிருந்து 4 வரை ∫ (4 − யூ) √யூ டியூ. தொகையிட்டால் 64/3 − 64/5 = 128/15. இரண்டால் பெருக்க 256/15, சுமார் 17.07 சதுர அலகுகள். தடத்தின் நீளம் 4, உச்ச உயரம் மேலும் கீழுமாக 6 ஐக் கொஞ்சம் தாண்டும்; சுற்றிப் போட்ட செவ்வகம் 24 ஐவிடச் சற்றுப் பெரியது. 17 அதற்குள் அடங்குகிறது. சரி.

பிரதியீடு செய்துவிட்டுப் பழைய எல்லையையே போடுவது நான் திருத்தும் கொப்பிகளில் திரும்பத் திரும்பப் பார்க்கிற பிழை. பிரதியீடு எழுதிய அடுத்த வரியிலேயே எல்லைகளுக்குச் சின்ன அட்டவணை ஒன்று போடுங்கள், எக்ஸ் ஒரு பக்கம், யூ மறு பக்கம். அதன்பிறகு எக்ஸுக்குத் திரும்பவே தேவையில்லை.

நீள்வளையத்துக்குக் கீலம் ஓர் அழகான வழி சொல்லும். ஆரை 5 உள்ள வட்டத்தின் மேல் பாதி வை = √(25 − எக்ஸ்²). அரை அச்சுகள் 5, 3 உள்ள நீள்வளையத்தின் மேல் பாதி வை = (3/5)√(25 − எக்ஸ்²). ஒவ்வொரு கீலமும் வட்டத்தின் கீலத்தில் 3/5 பங்கு. எல்லாக் கீலமும் ஒரே விகிதத்தில் சுருங்கினால் மொத்தமும் அப்படியே சுருங்கும். 25பை யின் 3/5 பங்கு 15பை. வட்டத்தின் 25பை யைத் தொகையிட்டே காட்டச் சொன்னால், எக்ஸ் = 5 சைன் தீற்றா என்று பிரதியிட்டுக் கால் வட்டத்தைக் கண்டு 4 ஆல் பெருக்குங்கள்.

சமன்பாடே இல்லாத வளையி

வெள்ளவத்தைக் கால்வாய் ஓரமாக ஒரு காணித்துண்டு இருப்பதாக வைத்துக்கொள்வோம். மூன்று பக்கம் நேர் மதில், நான்காவது பக்கம் கால்வாய்க் கரை, வளைந்து போகிறது. கொழும்பில் காணி விலை பேர்ச் கணக்கில்தான் பேசுவார்கள். 160 பேர்ச் ஒரு ஏக்கர். ஒரு பேர்ச் 25.29 சதுர மீற்றர். ஒரு பேர்ச்சின் விலை கேட்டால் தெரியும், வளைந்த ஓரத்தைச் சரியாக அளப்பது எவ்வளவு முக்கியம் என்று. ஆனால் கால்வாய்க்கரைக்குச் சமன்பாடு யாரும் எழுதித் தரமாட்டார்கள்.

கீலம் இங்கேயும் உதவும். கால்வாய்க்கு எதிர்ப்பக்கத்து நேர் மதிலை அடிக்கோடாக எடுங்கள். நீளம் 20 மீற்றர் என்போம். 5 மீற்றருக்கு ஒரு தடவை அதற்குச் செங்குத்தாகக் கரை வரை நாடா பிடித்து அளந்தால் 6, 7.5, 8, 7, 6.5 மீற்றர் வருகிறது. நான்கு கீலங்கள், ஒவ்வொன்றும் சரிவகம் மாதிரி. முதல், கடைசி உயரங்களின் சராசரி 6.25. அதோடு இடையிலுள்ள மூன்றையும் கூட்டினால் 28.75. அகலம் 5 ஆல் பெருக்க 143.75 சதுர மீற்றர்.

கரை வளைவானது, சரிவகத்தின் மேல்விளிம்போ நேர்கோடு. அதற்குப் பதிலாக இரண்டிரண்டு கீலத்துக்கு மேல் ஒரு பரவளைவை வளைத்துப் போடுவதுதான் சிம்சன் முறை. முதலும் கடைசியும் ஒரு தரம், இரண்டாவதும் நான்காவதும் நான்கு தரம், நடுவிலுள்ளது இரண்டு தரம்: 12.5 + 58 + 16 = 86.5. இதை 5/3 ஆல் பெருக்க 144.17 சதுர மீற்றர். இரண்டு விடைக்கும் வித்தியாசம் அரைச் சதுர மீற்றருக்கும் குறைவு. காணியின் பரப்பளவைப் பேர்ச்சில் சொன்னால் சுமார் 5.7. சிம்சன் முறைக்குக் கீலங்களின் எண்ணிக்கை இரட்டையாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்காதீர்கள். உறுதி எழுதும்போது சேவையர் கீறிய பிளான்தான் செல்லும். ஆனால் அந்தப் பிளானில் உள்ள எண் எப்படி வந்திருக்கும் என்பது இனி உங்களுக்குத் தெரியும்.

நீங்களே செய்து பார்க்க

நான்கு கணக்குத் தருகிறேன். நான்குக்கும் படம் கீறி, ஒவ்வொன்றிலும் ஒரு கீலம் போட்டபிறகே தொகையீடு எழுதுங்கள்.

வை = சைன் எக்ஸ் வளையியின் ஒரு வளைவுக்கும் எக்ஸ் அச்சுக்கும் இடையில், 0 தொடக்கம் பை வரை. விடை 2. இவ்வளவு நெளிந்த வளையிக்கு இவ்வளவு சுத்தமான விடை.

வை = 6 − எக்ஸ்² உம் வை = எக்ஸ் உம் உள்ளடைக்கும் பிரதேசம். விடை 125/6. குறுக்குவழியாலும் சரிபாருங்கள்.

வை² = எக்ஸ்²(1 − எக்ஸ்) இன் தடம். விடை 8/15. எல்லை அட்டவணையை மறந்தால் இது வராது.

வை = எக்ஸ்³ உம் வை = எக்ஸ் உம் உள்ளடைக்கும் மொத்தப் பரப்பளவு. இதில் மூன்று வெட்டும் புள்ளிகள், இரண்டு துண்டுகள். −1 இலிருந்து 1 வரை ஒரே மூச்சில் தொகையிட்டவருக்கு எந்த எண் வரும் என்று இப்போது தொகையிடாமலே சொல்லலாம். துண்டாக்கிச் செய்தவருக்கு 1/2.